பசுவின் மலடும் அறத்தின் கடனும்

(ஊத்துக்கோட்டையில் நிகழ்ந்த அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடைகளில் பெரிதும் பேசப்படாத ஒரு பொருள் இன்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. பசுக்களிடத்துப் பிறவியிலேயே அமையும் கருவுறுப்புக் குறைகளும், சினை பிடியாமை என்னும் மலடும் இவ்வுரையின் பொருளாகும். கால்நடை மருத்துவர் பேசவேண்டியதை அறவிழாவில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். சினை பிடிக்கவில்லை என்ற ஒரு சொல்லால் ஒரு பசுவின் உயிர் எவ்வாறு ஊசலாடத் தொடங்குகிறது என்பதை நோக்கினால், இஃது அறத்தின் பொருளே என்பது புலப்படும்.

ஊத்துக்கோட்டை, ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். கண்டலேற்றிலிருந்து வரும் கிருஷ்ணை நீர் தமிழ்நாட்டுக்குள் புகுமிடம் இதன் அருகிலேயே உள்ளது. அந்நீர் இங்கிருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் செல்கிறது. கிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. மகன் ஆலைக்குச் செல்ல, தாய் கொட்டிலைக் காக்கும் வீடுகள் இவ்வட்டாரத்தில் பல. ஆலைச் சம்பளம் திங்களுக்கு ஒருமுறை வரும். பால் காசோ அன்றாடச் செலவுக்குக் கைகொடுக்கும். தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கும் கொட்டில் அயலன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று நகரங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் பரவி வாழ்கின்றனர்.

கன்று ஈனாத பசு பால் தராது. இரண்டு மூன்று முறை சினையூசி போட்டும் சினை தங்கவில்லையெனில் வீட்டார் கலங்குகின்றனர். 'இது மலடு' என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுகின்றனர். தீவனச் செலவு நாள்தோறும் ஏறுகிறது. அடுத்த கிழமை மாட்டுத் தரகர் வருகிறார். அப்போது பேசப்படுவது கறவை மாட்டின் விலையன்று; உடல் எடையைக் கண்ணால் அளந்து சொல்லும் விலை. நேற்றுவரை இலட்சுமி என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பசுவுக்கு அந்த நொடியில் 'அடிமாடு' என்னும் பெயர் வந்துவிடுகிறது.

சட்டமும் இவ்விடத்தில்தான் நிற்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றுப்போன மாட்டுக்கோ, காயத்தாலும் உறுப்புக் குறையாலும் தீரா நோயாலும் அத்தகுதியை நிலையாக இழந்த மாட்டுக்கோதான் வெட்டுதற்குரிய சான்று வழங்கப்படலாம். 1976இல் வந்த அரசாணை பசுக்களையும் கிடேரிகளையும் வெட்டுவதையே தடுத்தது. எனினும், சந்தையில் கைமாறிய மாடு மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் சென்றபின் எங்குப் போய்ச் சேர்ந்தது என்பதை விற்றவர் அறிவதில்லை. 'இனப்பெருக்கத்துக்குத் தகுதியற்றது' என்னும் சொல் எத்துணைக் கனமானது என்பதைச் சட்டத்தின் நடையே காட்டுகிறது. அத்துணைக் கனமான தீர்ப்பைக் கொட்டில் வாயிலில் நின்றபடி, சோதனையின்றிச் சொல்லலாமா என்பதே கேள்வி.

மலடு என்று தள்ளப்படும் பசுக்களுள் பெரும்பாலானவை மலடல்ல. இதுவே முதலில் மனத்தில் கொள்ளத்தக்கது.

பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. அப்பருவம் 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். நாட்டு மாடுகளில் இன்னும் குறுகியதாகவும் இருக்கும். கத்துதல், தீனியில் நாட்டமின்மை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், கண்ணாடி போன்ற தெளிந்த ஒழுக்கு, பிற மாடு தன்மேல் தாவும்போது அசையாது நிற்றல் ஆகியன அதன் அறிகுறிகள். பருவம் அடங்கி ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் கழிந்த பின்னரே சினைமுட்டை வெளிப்படுகிறது. ஆகவேதான் காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் சினையூசி போடவேண்டும் என்பர். நள்ளிரவில் தொடங்கிய பருவத்தை வீட்டார் கண்டிலர்; மறுநாள் நண்பகலில் கண்டு, அடுத்த நாள் ஊசி போட்டனர் என்றால் சினை தங்காது. அங்குப் பிழைத்தது காலம், பழி பசுவுக்கு. எருமையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கோடையில் அதன் பருவம் வெளித்தோன்றாமலே கழிந்துவிடும். இதனை ஊமைப் பருவம் என்பர்.

அடுத்தது உணவு. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆயின் அதில் மணிச்சத்து மிகக் குறைவு. பசும்புல்லும் பயறுவகைத் தீவனமும் தாது உப்புக் கலவையும் இன்றி வைக்கோலையே தின்று வளர்ந்த கிடேரியின் சினைப்பை உறங்கிக் கிடக்கும். உரிய உடல் எடையை எட்டாத கிடேரி பருவத்துக்கு வாராது. கலப்பினக் கிடேரிக்கு முதற் சினையூசியின்போது ஏறத்தாழ 250 கிலோ எடை வேண்டும் என்பது பொதுக்கணக்கு. மெலிந்த கிடேரியை மலடு என்பது, பசித்த பிள்ளையை மந்தன் என்பது போலாகும். ஈன்றபின் நஞ்சுக்கொடி தங்கி, அதனால் கருப்பையில் சீழ் வைத்த பசுவும் சினை பிடியாது. முறையான மருத்துவத்தால் பெரும்பாலும் தேறிவிடும். கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோய்க்கு, 4 முதல் 8 மாதத்திற்குள் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் தடுப்பூசி உள்ளது. அந்நோய் மனிதரையும் பற்றும் ஆதலின், அத்தடுப்பூசி வீட்டாருக்கும் காவலாகும்.

குறை பசுவிடமே உள்ளது என்று கொள்வதும் பிழையே. ஊர்ப் பொதுவில் திரியும் பொலிகாளைக்கு விதை இறங்காமலோ, பிறவியிலேயே சிறுத்தோ இருக்கலாம். வலிய உடலும் பெருந்திமிலும் அதனை மறைத்துவிடும். அவ்வொரு காளையால் ஓர் ஊரின் பசுக்கள் பலவும் 'மலடு' எனப் பெயர் பெறும். மக்கட்பேறில்லா வீட்டில் ஆடவனைச் சோதியாமலே பெண்ணின்மேல் அச்சொல்லை எறிந்த பழைய கொடுமையை இங்கு நினைத்துக்கொள்வது தகும். ஆராயாமல் சொல்லப்படும் அச்சொல் மனையிலும் கொட்டிலிலும் ஒரே வகையான தீங்கையே செய்கிறது.

இனிப் பிறவிக் குறைகளுக்கு வருவோம். இவை எண்ணிக்கையிற் சில. அவற்றுள்ளும் முழு மலடானவை இன்னும் சில.

கருப்பை இரு கொம்புகளாகக் கிளைப்பது பசுவின் இயல்பு. சில கிடேரிகளுக்கு ஒரு கொம்பு மட்டுமே அமைந்திருக்கும். அக்கொம்பின் பக்கத்துச் சினைப்பையிலிருந்து முட்டை வரும் பருவத்தில் அவை சினை பிடிக்கும். மற்றப் பருவத்தில் பிடியா. இது பொறுமையும் மருத்துவரின் கைச்சோதனையும் வேண்டும் குறை. சிலவற்றுக்குக் கருப்பை வாய் இரண்டாக இருக்கும். அவையும் பெரும்பாலும் ஈனும். சிலவற்றுக்குப் பிறப்புவழியில் மெல்லிய திரை மறித்து நிற்கும். வேறு குறை இல்லையெனில் அதனை மருத்துவர் நீக்கிவிடலாம். சில கிடேரிகளின் சினைப்பை ஒருபுறமோ இருபுறமோ வளர்ச்சியின்றிச் சிறுத்திருக்கும். இருபுறமும் சிறுத்தது முழு மலடு. ஒருபுறம் சிறுத்தது ஈனக்கூடியது. ஆயின் அக்குறை வழிவழியாக இறங்கக்கூடும் ஆதலின் அதனை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமை நன்று.

சுவீடன் நாட்டு மலைமாட்டினத்தில் இச்சினைப்பைக் குறை ஒருகாலத்தில் மிகுந்திருந்தது. வெள்ளை நிறத்தோடு அது பிணைந்து வந்ததை அந்நாட்டு அறிஞர் கண்டனர். குறையுடையவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்கவே, அது குறையலாயிற்று. இங்கிலாந்தின் குறுங்கொம்பு இனத்து வெள்ளைக் கிடேரிகளிடமும் வேறொரு பிறவிக் குறை காணப்பட்டது. இதனைக் கேட்டு, ஊத்துக்கோட்டைக்கு வடக்கே ஆந்திரத்தில் வளரும் ஓங்கோல் மாட்டின் வெண்மையை எவரும் ஐயுற வேண்டா. அக்குறைகள் குறிப்பிட்ட அவ்வினங்களுக்கு உரியவை.

முழு மலட்டுக்குத் தெளிவான சான்று இரட்டைக் கன்று. ஒரே ஈற்றில் காளைக் கன்றும் கிடேரிக் கன்றும் பிறந்தால், அக்கிடேரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடாகவே இருக்கும். கருவில் இரு கன்றுகளின் உறைகளும் இணைந்து, குருதிக் குழாய்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆண் கருவின் உறுப்புகள் முந்தி உருவாகின்றன. அவற்றினின்று சுரக்கும் நீர் உடன்பிறந்த பெண் கருவின் குருதியில் கலந்து, அதன் கருப்பையும் கருக்குழாயும் வளராதபடி தடுத்துவிடுகிறது. புறத்தே பார்த்தால் அது கிடேரியே. உள்ளே கருப்பை முழுமையாக இராது. இரண்டும் கிடேரிகளாகப் பிறந்தால் இக்குறை இல்லை. ஆணும் பெண்ணுமாகிய மனித இரட்டையரிடம் குருதிக் குழாய்கள் பொதுவாக இவ்வாறு கலவா ஆதலின், ஆணோடு பிறந்த பெண்ணுக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை. ஒருவர் தம் வீட்டு இரட்டைப் பிள்ளைகளை எண்ணி வீணே கலங்காதிருத்தற்பொருட்டு இது சொல்லப்படுகிறது.

இக்குறையை ஒரு மாதக் கன்றிலேயே அறியலாம். குறையற்ற கிடேரிக் கன்றின் பிறப்புவழி அவ்வயதில் 13 முதல் 15 செண்டிமீட்டர் நீளமிருக்கும். குறையுள்ளதற்கு 8 செண்டிமீட்டரைத் தாண்டாது. மழுங்கிய முனையுடைய தூய குழாயால் மருத்துவர் சில நொடியில் அளந்து சொல்லிவிடுவார். ஐயம் எஞ்சினால் குருதியில் குரோமோசோம் சோதனை செய்யலாம். அச்சோதனையின்றி மூன்றாண்டு வளர்த்து, ஊசிமேல் ஊசி போட்டு, கடைசியில் சினத்தோடு விற்பது வீட்டாருக்கும் இழப்பு, மாட்டுக்கும் கேடு.

இம்மலட்டுக் கிடேரியைப் பழைய உரோமானியரே அறிந்து அதற்குத் தனிப்பெயர் வைத்திருந்தனர். 1779இல் ஜான் ஹன்டர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் உடற்கூற்றை ஆராய்ந்து எழுதினார். 1916இல் ஃபிராங்க் லில்லி என்னும் அமெரிக்க அறிஞர் குருதிக் கலப்பே காரணம் என்று விளக்கினார். 1945இல் ரே ஓவன் என்பார், இத்தகைய இரட்டைக் கன்றுகளின் உடலில் இருவகைக் குருதியணுக்களும் வாழ்நாள் முழுதும் பகையின்றி உறைவதைக் கண்டார். ஓர் உடல் மற்றோர் உடலின் அணுவை ஏற்றுக்கொள்ளும் வகையுண்டு என்னும் அவ்வறிவு வளர்ந்து, உறுப்பு மாற்று மருத்துவத்துக்கு வழிகோலிற்று. அத்துறையில் உழைத்த பீட்டர் மெடாவருக்கும் பர்னெட்டுக்கும் 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாற்றுச் சிறுநீரகத்தோடு உயிர்வாழும் ஒருவர்க்கு, எங்கோ ஒரு கொட்டிலில் கன்றே ஈனாது நின்ற கிடேரியும் ஒருவகையில் உதவியிருக்கிறது.

பிறவிக் குறையிற் சில, மனிதர் செய்யும் தேர்வினால் பெருகுவன. மாட்டுக்கு 60 குரோமோசோம்கள் உண்டு. ஒன்றாம் குரோமோசோமும் 29ஆம் குரோமோசோமும் ஒட்டிக்கொள்வதாகிய ஒரு மாற்றத்தைச் சுவீடன் அறிஞர்கள் 1964இல் வெளியிட்டனர். இதனை உடைய காளை தோற்றத்தில் குறையற்றது. ஆயின் அதனால் உண்டாகும் கருக்களிற் சில தொடக்கத்திலேயே அழிந்துவிடும். பசு மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வரும். வீட்டாரோ பசுவை வைவர். ஒரு காளையின் விந்து உறைநிலையில் ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செல்லும் இக்காலத்தில் அத்தகைய ஒரு காளையே போதும், குறை நாடெங்கும் பரவ. ஆதலின் உறைவிந்து நிலையங்களுக்கு நடுவண் அரசு வகுத்த நெறிமுறை, பொலிகாளைக்குக் குரோமோசோம் சோதனையை வேண்டுகிறது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, செங்குன்றத்தை அடுத்த ஆலமாதியில் தேசியப் பால்வள வளர்ச்சி வாரியத்தைச் சார்ந்த உறைவிந்து நிலையம் உள்ளது. சோதிக்கப்பட்ட காளையின் வித்து இத்துணை அருகில் கிடைக்கும்போது, சோதியாத ஊர்க்காளையை நாட வேண்டியதில்லை.

வீட்டாரின் கடனும் ஒன்றுண்டு. உறைவிந்துக் குழலின்மேல் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், காளை எண், ஈன்ற நாள் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். தந்தைக் காளையின் வித்தே மகளுக்கும் போய்ச் சேராமல் அது காக்கும். நெருங்கிய குருதியில் ஒளிந்திருக்கும் குறைகள் வெளிப்படாமலும் காக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இக்குறிப்பேட்டை ஒப்படைத்தல் நன்று.

மூன்றுமுறை சினையூசி போட்டும் சினை தங்காத பசுவைத் தரகரிடம் காட்டுமுன் மருத்துவரிடம் காட்டவேண்டும். அரசுக் கால்நடை மருந்தகங்கள் உள்ளன. ஊர்கள்தோறும் மலடு நீக்க முகாம்கள் நடைபெறுவதுண்டு. 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். அரிய குறைகளை ஆராய, 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் உள்ளது.

அங்கும் சோதித்து, 'இது பிறவி மலடு' என்று உறுதியான பின்பு என் செய்வது? அறம் தொடங்குமிடம் இதுவே. சந்தைக்குக் கொண்டுபோய், 'மூன்று மாதச் சினை' என்று சொல்லி விற்பார் உளர். அது வாய்மைக்கும் கேடு. வாங்கிய ஏழையின் கைம்முதலுக்கும் கேடு. அவர் உண்மை அறிந்து அடிமாட்டுக்குத் தள்ளுவாராயின் கொலைக்கும் பங்கு. இன்னொரு வழி, விற்காமலே பட்டினி போடுவது. கறவைக்குத் தவிடும் புண்ணாக்கும் இட்டு, மலட்டுக்கு மிஞ்சிய தாளை எறிவது. இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்தின் மீறல்கள் ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் இயலில் எண்ணிக் காட்டுகிறது: கட்டிவைத்து வருத்துதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கொலை செய்யவில்லை என்ற மனநிறைவோடு ஐந்தாவதைச் செய்துவரும் கொட்டில்கள் உண்டு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மலட்டுப் பசுவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் தரும். அது சாண எரிவாயுவுக்கும் வயலுக்கும் ஆகும். ஆணோடு பிறந்த கிடேரி உடல் வலியதாக வளருமாதலின், அளவறிந்து ஏருக்கும் வண்டிக்கும் பழக்கலாம். இவையெல்லாம் செலவிற் சிறுபகுதியை ஈடுசெய்யும், முழுதும் ஈடுசெய்யா. பயன் குறைந்த இடத்திலும் உயிரின் உரிமை குறைவதில்லை என்று கொள்பவரே இப்பசுவைக் காக்க முடியும்.

அச்செலவு முழுவதையும் இரண்டு மாடு வைத்திருக்கும் ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு, நகரில் இருந்துகொண்டு அகிம்சை பேசுவது முறையாகாது. சென்னை அயனாவரத்தில் நூறாண்டைக் கடந்த பிஞ்சராபோல் பசுமடம் உள்ளது. பலர் கொடுத்த சிறு பொருள் சேர்ந்தே அத்தகைய நிலையங்கள் நிற்கின்றன. ஒவ்வோர் அறக்கட்டளையும் விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம். ஆண்டுக்கொருமுறை கால்நடைத் துறையோடு கூடி ஒரு மலடு நீக்க முகாம். சோதனையில் பிறவி மலடு என்று தேர்ந்த பசுவுக்கு ஆண்டுக்கு வேண்டிய வைக்கோல். இயலாதார் வீட்டுப் பசுவை ஏற்றுக்கொள்ள நிலமுள்ள ஒரு குடும்பம். இம்மூன்றும் பெரும்பொருள் வேண்டாதவை.

ஊத்துக்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் வழியில், புழலில் ஆதிநாதர் கோயில் கொண்டுள்ளார். உழவு முதலாய அறுதொழிலை உலகுக்குக் கற்பித்தவர் என்று போற்றப்படும் அவர்தம் இலாஞ்சனை ஏறு. அங்கு வணங்கி மீள்வோர், தம் வீட்டுக் கொட்டிலில் சினை பிடியாது நிற்கும் பசுவை மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று ஒருமுறை வினவுவாராக. பார்க்கவில்லையெனில், நாளைக் காலையே அதற்குரிய நேரம்.